பேரப்பிள்ளையும் பாட்டியின் கூலியும்

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டிக்கு லீவு உண்டா என்று கேட்டால் நம்மில் பலர் சிரிப்பார்கள். வேலை இருந்தாலல்லவா லீவு என்பார்கள். ஆனால் மேலப்பாளையத்தில் பேரப்பிள்ளை கண்ட தாய்மார்களும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஆம்பூர்ப் பகுதியில் அத்தகையோர் காலணித் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் அடுப்பெரியும் வீடுகள் நம்மிடையே உண்டு.

பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றே கூலி. கைக்குழந்தை மடிக்கு வந்தால் முறம் கீழே இறங்குகிறது, கூலி குறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலோ, புகையிலைத் தூள் பச்சிளம் குழந்தையின் மூச்சில் கலக்கிறது.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து முதல் இரு பிள்ளைகளுக்குத் தாய்க்கு 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைக்கிறது. பாட்டிக்கென்று அதில் ஒரு நாளும் இல்லை. ஸ்வீடன் நாட்டிலோ 2024 ஜூலை முதல், பெற்றோர் தமக்குரிய சம்பள விடுப்பில் ஆளுக்கு 45 நாள் வரை பாட்டன், பாட்டி போன்றோருக்கு மாற்றிக் கொடுக்கலாம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் 90 நாள் கொடுக்கலாம்.

இதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. பாட்டியின் பராமரிப்பை ஓர் உரிமையாக நம் ஷரீஅத் முன்பே ஏற்றிருக்கிறது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தலாக் சொல்லிப் பிரிந்த மனைவியிடம் பிறந்த மகன் ஆஸிம், குபாப் பள்ளியின் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார். தந்தை அவரைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். சிறுவரின் பாட்டியார் விடவில்லை. வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போயிற்று. பிள்ளையைப் பாட்டியிடமே விடும்படி தீர்ப்பாயிற்று. உமர் (ரலி) அவர்கள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி உள்ளது.

ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும், பிள்ளை வளர்க்கும் உரிமையில் தாய்க்கு அடுத்தவர் தாயைப் பெற்ற பாட்டியே. வளர்ப்புச் செலவோ பிள்ளைக்குச் சொத்திருந்தால் அதிலிருந்து. இல்லையேல் தகப்பன் மீது. பெற்றோர் சேர்ந்து வாழும் வீட்டில் இது வழக்காக வருவதில்லை. ஆயினும் நீதி மாறிவிடுமா? தகப்பன் சுமக்க வேண்டிய செலவை, பாட்டி தன் கூலியை இழந்து சுமக்கிறாள். ஒருவர் கடமையை மற்றவர் கைப்பொருளில் நிறைவேற்றுவது எப்படி நியாயமாகும்?

“பாசத்திற்குக் கூலியா?” என்று கேட்பவர் உண்டு. தலாக் பெற்ற தாய் தான் பெற்ற பிள்ளைக்கே பாலூட்டினாலும் அவளுக்குரிய கூலியைக் கொடுக்கும்படி திருக்குர்ஆனின் தலாக் அத்தியாயம் ஏவுகிறது. தாய்ப்பாலை விடப் பாசமானது எது? கூலி கொடுப்பதால் பாசம் குறைவதில்லை; கொடாமல் விடுவதால் ஹக்கு குறைகிறது.

பாட்டி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது இஹ்ஸான். அதற்குரிய நன்மையை அல்லாஹ் அளிப்பான். ஆனால் மனமுவந்தாளா என்பது கேட்டால்தானே தெரியும்? நிக்காஹ்வில் கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாகும். அந்தச் சலுகையைப் பாட்டியின் மௌனத்திற்கும் நீட்டிவிட மார்க்கம் இடந்தரவில்லை.

ஆகவே பிள்ளைகளைப் பெற்றோர், வேலைக்கோ வெளிநாட்டிற்கோ புறப்படுமுன், “உம்மா, உங்களால் முடியுமா?” என்று முதலில் கேட்கட்டும். இழக்கும் கூலியைக் கணக்கிட்டு மாதந்தோறும் அவர்கள் கையிலேயே கொடுக்கட்டும். அதைத் தருமமாக அல்ல, கடனாக எண்ணட்டும். தொழில் நடத்தும் நம் செல்வர்களும் சட்டம் வரட்டும் என்று காத்திராமல், பேரப்பிள்ளைக்காகச் சில வாரம் வராத பெண்ணின் வேலையை அவளுக்கென்றே வைத்திருக்கட்டும்.

சிறு வயதில் நம்மைச் சுமந்தவர்கள் முதுமையில் நம் பிள்ளைகளையும் சுமக்கிறார்கள். அவர்களுடைய ஹக்கை உணர்ந்து நிறைவேற்ற வல்ல நாயன் நம் யாவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.