சக்கரம் வைத்த வீடு

நகர்கிற வீடு பெண்ணுக்கு விடுதலை தருமா?

1930களில் அமெரிக்கர்கள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே ஒட்டுப்பலகையில் செய்துகொண்ட ஒரு சிறுவண்டியை, இன்றும் அங்கே பலர் குளிர்கால ஓய்வில் கட்டுகிறார்கள். கண்ணீர்த்துளி வடிவம், காருக்குப் பின்னால் பூட்டி இழுப்பது. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. அடுப்பு பின்புறம். மூடியைத் தூக்கிவிட்டுத் திறந்தவெளியில் நின்றுதான் சமைக்க வேண்டும். சமைப்பவர் எல்லார் கண்ணிலும் படுகிறார், அது நல்லது. ஆனால் சமைப்பது யார் என்பதை வண்டியின் வடிவம் தீர்மானிப்பதில்லை.

நம் பக்கத்தில், நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அருண் பிரபு ஓர் ஆட்டோவின்மேல் 36 சதுர அடியில், ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயில் வீடு கட்டினார். படங்களைப் பார்த்து வியந்தோம். பொம்மிடி ரயில் நிலையத்தில், மழை பொய்த்த ஆண்டுகளில் கட்டட வேலைக்குப் புறப்படும் பெண்ணும் சட்டி, பானை, பாய் என வீட்டையே சாக்கில் கட்டிச் சுமக்கிறாள். அவளை யாரும் படம் எடுப்பதில்லை. போவதா இருப்பதா என்று அவளைக் கேட்டவரும் இல்லை.

குளிரில் பசை மெல்லத்தான் இறுகும். கட்டுபவர் பொறுத்திருக்க வேண்டும். அப்படிப் பொறுத்திருக்க மார்கழியில் எந்தப் பெண்ணுக்கு நேரம் உண்டு? விடியுமுன் கோலம், அடுத்து அடுப்பு, பிறகு வேலை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவை வண்டியும் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர்? சாவி யார் இடுப்பில்? நிறுத்திய இடத்தில் ஒருத்தி தனியே அச்சமின்றி உறங்கலாமா? பலகையை அறுக்குமுன் நாம் கேட்க வேண்டியவை இவை.