பஞ்ச காலத்துப் பொற்காசு



வீட்டுக் கடன், வட்டி வீதம், வேலை போய்விடுமோ என்ற பயம் ஆகியவை பற்றிய பேச்சு இந்நாட்களில் ஆலய மண்டபத்திலும் கேட்கிறது. பொருளாதாரம் ஒருநாள் சரிந்தால் நமது குடும்பங்களின் கதி என்ன என்று கேட்போர் பலர். சந்நிதியிலே காசைப் பற்றிப் பேசலாமா என்று தயங்க வேண்டியதில்லை. சேக்கிழார் பெருமானே அதைப் பாடி வைத்திருக்கிறார்.

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. இறைவன் கனவில் தோன்றி, காலத்தின் கொடுமை உங்களை வருத்தாது. ஆயினும் உங்களை அடைந்த அடியார்களின் வாட்டம் தீர நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவோம் என்று அருளினார். அந்தக் காசுகளைக் கொண்டு இருவர் மடங்களிலும் சோறு ஆக்கி, பறை அறைந்து அழைத்து, வந்தோர்க்கெல்லாம் அமுதளித்தார்கள்.

ஆனால் சம்பந்தர் மடத்தில் மட்டும் அமுது தாமதமாயிற்று. ஏன் என்று பிள்ளையார் விசாரித்தார். அப்பர் சுவாமிகளின் காசைக் கடைக்காரர் உடனே ஏற்கிறார்கள், நமது காசுக்கு வாசி கேட்கிறார்கள் என்று பரிசனங்கள் சொன்னார்கள். வாசி என்பது மாற்றுக் குறைந்த காசுக்கு வணிகர் கழிக்கும் வட்டம். அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர். அதனால் அவர் பெற்ற காசில் வாசி இல்லை. இதை உணர்ந்த பிள்ளையார் பதிகம் பாடினார். நல்ல காசு கிடைத்தது. பின்னர் மழையும் பெய்து பஞ்சம் நீங்கியது.

இதிலே நமக்கு மூன்று பாடங்கள் உண்டு. இறைவன் கொடுத்தது புதையல் அல்ல, அன்றன்றைக்கு ஒரு காசு. இறைவன் தந்த காசே ஆனாலும் கடைத்தெருவில் அதன் மதிப்பு என்ன என்று விசாரிப்பது பக்திக் குறைவு ஆகாது. அந்தக் காசு வந்தது தங்களுக்காக அல்ல, அடுத்தவர் பசிக்காக.

பஞ்சம் என்பது பழங்கதை அல்ல. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டு மூன்று மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. வங்கியில் இருந்த ரூபா அப்படியே இருந்தது. அது வாங்கும் அரிசிதான் குறைந்தது. 2015இல் கிரேக்கத்தில் வங்கிகள் மூன்று வாரம் மூடப்பட்டன. இயந்திரத்தில் ஒரு நாளைக்கு 60 யூரோவே எடுக்க முடிந்தது. நாம் வாழும் இந்த விக்ரோறியா மாநிலத்திலும் 1990 யூனில் பிரமிட் என்ற சேமிப்புச் சங்கம் முறிந்தது. வைப்பாளரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க அரசு பெற்றோல் லீற்றருக்கு 3 சதம் வரி விதித்தது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, வரவு செலவை எழுதுவோம். வள்ளுவர் வரவையும் செலவையும் அளந்து வாழும் அறிவுரையை வலியறிதல் என்ற அதிகாரத்தில் வைத்தார். தன் அளவு தெரியாத கொடையும் செல்வத்தைக் கெடுக்கும் என்று அங்கேயே எச்சரிக்கிறார். கடன் அட்டையில் எடுத்துப் பூப்புனித நீராட்டு விழாவோ திருவிழா உபயமோ செய்ய வேண்டாம். ஒரு அர்ச்சனையை மனமார ஏற்பவன் இறைவன்.

இரண்டாவது, மூன்று மாத வீட்டுச் செலவுக்குரிய பணத்தைச் சிறிது சிறிதாகத் தனியே சேர்ப்போம். அவுஸ்திரேலிய அரசின் உத்தரவாதம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 டொலர் வரையான வைப்புகளுக்கே உண்டு. பங்குகளுக்கும் ஓய்வூதிய நிதிக்கும் அது இல்லை. நம்மவர்கள் நம்பிக்கையில் பிடிக்கும் சீட்டுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கூடிய கழிவுக்கு ஆசைப்பட்டு வீட்டுப் பணத்தைச் சீட்டிலே போடுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு, காப்புறுதி, கடன் ஆகிய யாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்திருப்போம். கணவர் இறந்த பின்னரே கடனைப் பற்றி அறியும் சகோதரிகளின் கண்ணீர் நமது சமூகத்திற்குப் புதிதல்ல. கடன் கழுத்தை நெரிக்குமானால் மறைக்க வேண்டாம். தேசியக் கடன் உதவிச் சேவையின் ஆலோசகர்கள் கட்டணம் வாங்குவதில்லை. வெட்கத்தை விட உயிர் பெரிது.

நான்காவது, பதுக்க வேண்டாம். 2020 மார்ச்சில் கடைகளின் தட்டுகள் வெறுமையானதை நாம் கண்டோம். அன்று குறைந்தது பொருளை விட மனத் தைரியமே. இரண்டு மூன்று வாரத்துக்கான அரிசியும் பருப்பும் வீட்டில் இருப்பது முன்யோசனை. பத்து மூட்டையை அடுக்கி அயலவருக்கு இல்லாமற் செய்வது பாவம்.

நம்மில் நடுத்தர வயதினர் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு ஊரே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, முன்பின் அறியாதவர்கள் வாசலைத் திறந்து கஞ்சி ஊற்றினார்கள். நமது பிள்ளைகளுக்கு அந்தத் துன்பம் வர வேண்டாம். ஆனால் அந்தக் கஞ்சியின் கதையைச் சொல்லி வளர்க்க வேண்டும்.

ஆகவே, மாதத்தில் ஒரு நாளாவது ஆலய மடைப்பள்ளியில் பாத்திரம் கழுவவும் காய்கறி நறுக்கவும் குடும்பமாக வருவோம். அப்பர் பெருமானின் காசில் வாசி இல்லாமற் செய்தது அந்தக் கைத்தொண்டே. வேலை இழந்த குடும்பம் ஒன்று நம் அருகே இருந்தால், பிறர் அறியாமல் ஒரு பை அரிசியைக் கொண்டுபோய்க் கொடுப்போம். நாளை நமது வாசலுக்கும் யாரோ ஒருவர் வரவேண்டியிருக்கலாம்.

வீழிமிழலைப் பெருமான் நம்மெல்லோருக்கும் அளவறிந்து வாழும் அறிவையும், பகிர்ந்துண்ணும் மனத்தையும் தந்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.