அழையா விருந்தாளியின் தொண்டு

பள்ளி முடித்துக் கல்லூரியில் சேருமுன் ஓராண்டு இடைவெளி விட்டு, வெளிநாட்டில் பள்ளிக்கூடம் கட்டவும் காட்டுயிர் பராமரிக்கவும் போவது மேலை நாடுகளில் பழகிப்போன வழக்கம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்து தர முகவர்களும் உண்டு. வசதியுள்ள நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வரலாம். ஆசையில் குற்றமில்லை. ஆனால், கூலி வாங்காமல் செய்வதாலேயே ஒரு வேலை தொண்டாகிவிடுமா?

கட்டட வேலையையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். பீகாரிலும் ஒடிசாவிலும் இருந்து வந்தவர்கள் கலவை சுமப்பார்கள். கொத்தனார் தூக்குக்குண்டை இறக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கொஞ்சம் விலகியிருந்தாலும் வரிசையைப் பிரிக்கச் சொல்வார். அந்தக் கண் வாய்க்க, பல வருடம் சித்தாளாகக் கல் சுமந்திருக்க வேண்டும். இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் பலருக்கும் அதே பதினெட்டு, பத்தொன்பது வயதுதான். அவர்களுடைய இடைவெளி ஆண்டு ஷிப்டிலும் விடுதியிலும் கழிகிறது. அதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

கொத்தனார் இருக்கும் ஊரில் இலவசக் கை இறங்கினால் ஒருவருடைய கூலி போகும், சுவரும் கோணும். காட்டுயிர்த் தொண்டில் ஆபத்து இன்னும் அதிகம். தென்னாப்பிரிக்காவின் சில பண்ணைகளில் தாயற்ற குட்டிகள் என்று நம்பி, பணம் கட்டிச் சிங்கக்குட்டிகளுக்குப் பால் புகட்டியிருக்கிறார்கள் வெளிநாட்டு இளைஞர்கள். அப்படி வளர்ந்த சிங்கங்கள் வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டைக்கு விற்கப்பட்டது பின்னால் வெளியே வந்தது. அன்பு உண்மைதான், ஆனால் அந்த அன்பே அங்கே வியாபாரத்துக்கு மூலதனம்.

அப்படியானால் கடல் கடந்த தொண்டே தவறா? இல்லை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. அதன்பின் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரசோல் சில தோழர்களுடன் வந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து கிராமங்களைத் திரும்பக் கட்டினார். தேவை கண்கூடு, அவருக்குத் தொழில் தெரியும், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் மீண்டும் மீண்டும் வந்தார்.

எதிர்த்திசையில் நடந்த பயணம் இன்னும் தெளிவான பாடம். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனவர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். அங்கே பெருகி மற்ற உயிர்களை விழுங்கிக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அந்நாட்டார் அழைத்தார்கள். தரையில் தடம் பார்த்தே பாம்பிருக்கும் இடம் சொல்லும் இவர்கள், இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்றைப் பிடித்தார்கள். அதில் ஒன்று பதினாறடிப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தப் பயணத்தில் அழைப்பு இருந்தது, அங்கில்லாத திறமை இருந்தது, உழைப்புக்குப் பணமும் இருந்தது. பணம் வாங்கியதால் அந்த உதவி ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை.

அதே இருளர் குடும்பங்கள் பல காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டவை. மண்ணை அறிந்தவனுக்கு முன்பணக் கடன், அறியாதவனுக்குத் தொண்டர் பட்டம் என்றால் எங்கோ கணக்கு தவறுகிறது.

'தொண்டர்கள் கட்டும் பணம் அந்த ஊருக்குத்தானே போகிறது?' என்பார்கள். போகட்டும், அப்படியென்றால் பணத்தை நேராகக் கொடுத்து உள்ளூர்க் கொத்தனாரைக் கட்டச் சொல்லலாம். 'போனால் பிள்ளைக்கு உலகம் புரியுமே' என்பதும் நியாயம்தான். அதற்குப் பெயர் படிப்பு. படிக்கப் போகிறவர் மாணவராகவே போகட்டும். கற்றுக்கொடுக்கும் ஊருக்குக் கட்டணமும் நன்றியும் செலுத்தட்டும்.

உண்மையாகவே ஓராண்டைக் கொடுக்க நினைப்பவருக்கு, கேட்டால் ஒரகடத்திலேயே வேலை கிடைக்கும். பி.எஃப். பணம் எடுக்கும் படிவம் புரியாமல் நிற்கும் ஒடிசாக்காரருக்கும், தமிழ் தெரியாமல் நம் பள்ளியில் பின்வரிசையில் உட்காரும் அவர் குழந்தைக்கும் பொறுமையுள்ள ஒரு துணை வேண்டும். அதில் யாருடைய கூலியும் போகாது. எந்த ஊரானாலும் பெட்டி கட்டுமுன் கேட்க வேண்டியது இதைத்தான்: நம்மைக் கூப்பிட்டது அந்த ஊரா, நம் ஆசையா?