ஏடுபடுத்தத் தாழ்க்கலாமோ?

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

திருவாய்மொழியின் இரண்டாம் பத்து திருமாலிருஞ்சோலை மலையில் வந்து முடிகிறது. ஒன்பதாம் திருவாய்மொழியில் புருஷார்த்தம் இன்னதென்று நிஷ்கர்ஷித்த ஆழ்வார், அதைப் பெறுகைக்காகத் தெற்குத் திருமலையை ஆச்ரயிக்கும்படி பத்தாம் திருவாய்மொழியில் உபதேசிக்கிறார். இளமையின் ஒளி மங்குவதற்கு முன்பே அம்மலையைச் சென்று சேர வேண்டும் என்பது முதற்பாசுரத்தின் திரண்ட பொருள்.

இப்பாசுரத்தைக் காலக்ஷேபத்தில் கேட்ட அன்று நமக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. "ஸ்வாமி, இளமை கழிந்தவர்களுக்கு இப்பாசுரத்தில் அந்வயம் உண்டோ?" என்று விண்ணப்பித்தோம். ஸ்வாமி சிரித்து, "நாளைய உம்மைப் பார்க்க இன்றைய நீர் இளையவர்தாமே" என்று ஸாதித்தார். கோஷ்டியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நாமும் சிரித்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். எழுதிக்கொண்டதோடு நின்றோம் என்பதே இக்கட்டுரைக்கு விஷயம்.

ஞாயிறுதோறும் ஸ்வாமியின் திருமாளிகையில் ஈட்டுக் காலக்ஷேபம் நடக்கும். கடைசி வரிசையில் அமர்ந்து நாம் எடுத்த குறிப்புகள் 11 நோட்டுப் புத்தகங்களாக வளர்ந்தன. ஒருநாள் ஸ்வாமி அவற்றில் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இவற்றைச் சுத்தப் பிரதியாக எழுதிக்கொண்டு வாரும், பிழை இருந்தால் திருத்தித் தருகிறோம். பின்னுள்ளார்க்கு உதவும்" என்று நியமித்தருளினார். "மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிந்தவுடன் தொடங்குகிறோம் ஸ்வாமி" என்றோம். மார்ச் முடிந்தது. இடமாற்றம் வந்தது. பிறகு பெண்ணின் திருமணம். பிறகு, ஓய்வு பெற்றால் நாள் முழுவதும் நம்முடையது என்று ஒரு ஸமாதானம். ஓய்வும் வந்தது. எழுதுவதற்கென்று மேஜை வாங்கினோம். கணினியில் தமிழ்த் தட்டச்சு பழகினோம். எந்தப் பதிப்பை மூலமாகக் கொள்வது என்று நான்கு பதிப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். எழுத்தைத் தவிர எழுத்துக்கு வேண்டிய எல்லாம் நடந்தது. அப்படியிருக்க, ஒரு தை மாதத்தில் ஸ்வாமி ஆசார்யன் திருவடியை அடைந்தார்.

வங்கியில் நாம் இருந்த காலத்தில், அன்றைய ரொக்கம் பேரேட்டோடு ஒத்துப்போகாமல் பெட்டகத்தைப் பூட்டியதில்லை. ஒரு ரூபாய் வேறுபட்டாலும் இரவு எத்தனை மணியானாலும் தேடுவோம். ஒருவனுக்கு முப்பது ஆண்டுக்கு மேலாக இந்தப் பழக்கம் இருந்தும், ஆசார்ய நியமனம் மட்டும் அடுத்த நாள் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தது எப்படி என்று யோசித்ததுண்டு. காரணம் சோம்பல் மட்டும் அன்று. சோம்பல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் அதை அடையாளம் கண்டிருப்போம். அது நைச்சியத்தின் வேடத்தில் வந்தது. "பூர்வாசார்யர்கள் அருளிச்செய்த விஷயத்தில் வர்த்தகப் பட்டதாரியான நாம் கை வைப்பதாவது!" என்று நமக்குள் சொல்லிக்கொண்டோம். சொல்லும்போது நல்ல ஸ்ரீவைஷ்ணவனாக இருப்பதாகவே தோன்றியது. அன்றைய தினமும் எழுதாமலே கழிந்தது.

மெய்யான நைச்சியம் எப்படி இருக்கும் என்பதற்கு முதற்பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியைப் பார்க்க வேண்டும். எம்பெருமானுடைய பெருமையையும் தம் சிறுமையையும் எண்ணி, தாம் கிட்டினால் அவனுக்கு இழுக்காகுமோ என்று அஞ்சி ஆழ்வார் அகலப் பார்க்கிறார். அவனோ தன் சீல குணத்தைக் காட்டி அவரைச் சேர்த்துக்கொள்கிறான். இதில் நாம் கவனியாது விட்டது ஒன்று உண்டு. அகலப் பார்த்த ஆழ்வார் வாய்மூடி இருக்கவில்லை. அந்த அகற்சியே பாசுரமாய் வந்தது. தாழ்ச்சி சொல்லிக்கொண்டே கைங்கர்யத்தில் இழிவது ஆழ்வார் காட்டிய வழி. தாழ்ச்சியைக் காட்டிக் கைங்கர்யத்திலிருந்து நழுவுவது நாமாகக் கண்டுபிடித்தது.

யோக்யதை வந்தபின் எழுதலாம் என்றிருந்தால் வாதிகேசரி அழகியமணவாளச் சீயரின் பன்னீராயிரப்படி நமக்குக் கிடைத்திராது. பெரியவாச்சான்பிள்ளை திருமாளிகையில் மடைப்பள்ளிக் கைங்கர்யம் செய்துகொண்டு, எழுத்து வாசனை இல்லாமல் முப்பது வயதைக் கடந்தவர் அவர் என்று பெரியோர் சொல்வர். வித்வான்கள் பரிஹஸித்ததைப் பொறாமல் பிள்ளை திருவடிகளில் விழுந்து கற்றார். அவருடைய பதவுரையைக் கொண்டே இன்றும் பலர் திருவாய்மொழிக்குள் நுழைகிறார்கள்.

ஈடு முப்பத்தாறாயிரப்படி பிறந்த விதம் இதைவிட நமக்கு உறைக்க வேண்டியது. நம்பிள்ளை பகலில் அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை அன்றிரவே ஏடுபடுத்தி வந்தார். ஒருநாள் அவர் திருமாளிகைக்குத் திருவாராதனத்துக்காக எழுந்தருளிய நம்பிள்ளை, அங்கே கோயிலாழ்வாரில் இருந்த ஓலைக் கட்டுகளைக் கண்டு, இவை என்ன என்று கேட்டார். மறந்தால் பார்த்துக்கொள்வதற்காக எழுதி வைத்தது என்று பிள்ளை விண்ணப்பித்தார். நியமனம் பெறாமல் எழுதியது பற்றி நம்பிள்ளை கேட்டதும், அவ்வேடுகளைத் தாமே வாங்கிக்கொண்டதும், பின்பு அவை ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் சென்று பரம்பரையாய் வந்ததும் குருபரம்பரையில் உள்ளவை. ஈட்டுக்கு ஈடில்லை என்று நாம் கொண்டாடுகிறோம். எழுதியவர் அதைக் க்ரந்தமாக எண்ணி எழுதவில்லை, மறவாமைக்காக எழுதினார்.

கணக்குப் பார்க்கும் வழக்கம் நம்மை விடாது. படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட ஒரு க்ரந்தம். 36,000 படி என்றால் 11,52,000 எழுத்துகள். இரவுக்கு நூறு க்ரந்தம் என்று வைத்துக்கொண்டாலும் 360 இரவுகள். விளக்கொளியில், எழுத்தாணி கொண்டு, ஓலையில். நம் மேஜைக்கு மேல் குழல்விளக்கும் மின்விசிறியும் இருக்கின்றன. இதற்குமேல் இக்கணக்கைத் தொடர மனம் வரவில்லை.

இனி, எழுதாமல் விட்டதால் நமக்கு வந்த நஷ்டத்தைச் சொல்ல வேண்டும். ஸ்வாமி பரமபதித்தபின் ஒருநாள் ஆறாவது நோட்டைத் திறந்தோம். பென்சில் எழுத்து பல பக்கங்களில் மங்கியிருந்தது. வேகமாக எழுதுவதற்காக ஆசார்யர்களின் திருநாமங்களைச் சுருக்கியிருந்தோம். நஞ்சீயருக்கும் "ந", நம்பிள்ளைக்கும் "ந". அன்று நமக்குத் தெளிவாகவே இருந்திருக்கும். இன்று, சீயர் சொன்னது எது, பிள்ளை சொன்னது எது என்று பத்து இடங்களில் தெரியவில்லை. அச்சான ஈட்டோடு ஒப்பிட்டு ஏழு இடங்களைத் தீர்த்தோம். மற்ற மூன்றும் ஸ்வாமி தம் ஆசார்யனிடம் கேட்டதாக ஸாதித்த விசேஷார்த்தங்கள், அச்சில் இல்லை. ஒரு பக்கத்தின் ஓரத்தில் "இங்கே இரண்டாம் நிர்வாகம் உண்டு என்றார், அடுத்த வாரம் கேட்க" என்று நம் கையெழுத்தில் இருந்தது. அடுத்த வாரம் கேட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அன்று மாலை நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

தொலைந்த ஏட்டின் கதையும் ஸம்பிரதாயத்தில் உண்டு. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலையிலிருந்து நன்கு எழுதித்தரும்படி நம்பூர் வரதராசரிடம் தந்தருளினார். அவர் காவேரியைக் கடக்கையில் வெள்ளத்தில் ஏடு போயிற்று. ஆசார்யனுடைய ஒரே பிரதி! திரும்பிச் சென்று திருவடிகளில் விழுந்து அழுதிருக்கலாம். அவரோ நஞ்சீயரிடம் ஒருமுறை கேட்டிருந்ததை நெஞ்சில் கொண்டு முழுவதையும் எழுதினார். தமக்குத் தோன்றிய சில அர்த்த விசேஷங்களும் இடையே சேர்ந்தன. நஞ்சீயர் அதைப் பார்த்து, நடந்ததைக் கேட்டறிந்து, உகந்து, "நம்பிள்ளை" என்று அபிமானித்தார். நாமும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம், நம்பிள்ளையின் மேதாவிலாஸத்துக்கு உதாரணமாக. ஆறாவது நோட்டைத் திறந்தபின் வேறொன்றும் தெரிந்தது. கேட்டது நெஞ்சில் ஆறுவதற்கு முன்பே அவர் எழுத உட்கார்ந்தபடியால் அன்றோ அது கைகூடிற்று! நமக்கு வெள்ளம் வரவில்லை. நோட்டுகள் அலமாரியில் பத்திரமாகவே இருந்தன.

மறுபடி திருமாலிருஞ்சோலைக்கு வருவோம். இத்திருவாய்மொழியை இப்போது படிக்கையில், முன்பு கவனியாத ஒரு கிருபை அதில் தெரிகிறது. முதற்பாட்டில் மலையைச் சேரச் சொன்ன ஆழ்வார், மூன்றாம் பாட்டில் தம் நெஞ்சை நோக்கி, பயனற்றவற்றைச் செய்து பலனில்லை, அத்தலத்துக்கு அயலிலுள்ள மலையைச் சேர்வதே செய்யத்தக்க காரியம் என்கிறார். ஆறாம் பாட்டில் அங்கே செல்லும் வழியை நினைப்பதே நல்லது என்கிறார். மலையில் ஏற முடியாதவனுக்குப் பக்கத்து மலை. அதுவும் முடியாதவனுக்கு வழியைப் பற்றிய நினைவு. ஒருவரையும் விடக்கூடாது என்ற திருவுள்ளம் அன்றோ இப்படி இறங்கி வருகிறது! ஆனால் "நாளை போகலாம்" என்பதற்கு மட்டும் பதினொரு பாசுரத்தில் எங்கும் இடமில்லை.

இதையே நாம் இப்போது எழுத்துக்கு நியமமாகக் கொண்டிருக்கிறோம். காலைத் திருவாராதனம் முடிந்தபின் நோட்டைத் திறந்து ஒரு பாசுரத்தின் குறிப்பைச் சுத்தமாக எழுதுவது. முடியாத நாளில் ஒரு பதத்தின் அர்த்தம் மட்டும். அதுவும் முடியாத நாளில், பேரன் பேத்திகள் வந்திருக்கும் நாள்களில் பெரும்பாலும் அப்படித்தான், முந்தைய நாள் எழுதிய வரியை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு மூடி வைப்பது. கடைசியில் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். வழியை நினைத்தவன் மறுநாள் வழி தேட வேண்டியதில்லை என்பதை அநுபவத்தில் கண்டோம். எழுதும் உத்ஸாஹம் வந்தபின் உட்காருவது என்று காத்திருந்த காலத்தில் அது வந்ததே இல்லை. உட்கார்ந்தபின் சில நாள்கள் வந்தது. வராத நாள்களிலும் எழுத்து நடந்தது.

யாருக்காக எழுதுவது என்ற கேள்வியும் சோர்ந்த நாளில் எழும். மணவாள மாமுனிகள் ஆசார்ய ஹ்ருதயத்துக்கு வ்யாக்யானம் அருளிச்செய்கையில் திருமேனி தளர்ந்திருந்தது. இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிஷ்யர்கள் வருந்திக் கேட்க, உங்கள் பிள்ளைகளுக்கும் பேரன்மார்க்குமாக என்ற கருத்தில் மறுமொழி அருளினார். அந்தப் பேரன்மாரின் வழியில் வந்தவர்கள்தாமே நாமும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் லுப்தமான பகுதிக்கு மட்டும் மாமுனிகள் எழுதி, பிள்ளையின் உரை கிடைத்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். முன்னோர் எழுதியது இருக்கும் இடத்தில் தாம் வேறு எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. இல்லாத இடத்தை வெறுமையாக விடவும் மனம் இல்லை.

இது எழுதும்போது மூன்றாவது நோட்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. மீதி எட்டு. தெரியாத மூன்று இடங்களையும் நம் யுக்தியால் நிரப்பாமல், சுத்தப் பிரதியில் இடம் விட்டு வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். அக்காலக்ஷேப கோஷ்டியில் இருந்தவர்கள் இன்று பல தேசங்களில் இருக்கிறீர்கள். இதைப் படிப்பவர்களில் சிலராவது அங்கே குறிப்பெடுத்தவர்களாக இருப்பீர்கள். உங்கள் பழைய நோட்டுகளை இந்த வாரமே எடுத்துப் பார்த்து, இரண்டாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழி, மூன்றாம் பாசுரத்துக்கு ஸ்வாமி ஸாதித்த இரண்டாம் நிர்வாகம் இருந்தால், தெரிவித்தருள வேண்டுமென்று தண்டன் ஸமர்ப்பித்து விண்ணப்பிக்கிறோம்.