அச்சமும் ஆக்கமும்: ‘விப்லாஷ்’ திரைப்படத்தில் ஆசிரியர் அறம்

டேமியன் சசெல் எழுதி இயக்கி 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விப்லாஷ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், மாணவனைக் கலைஞனாக்கும் பொருட்டு அவனைத் துன்புறுத்தும் உரிமை ஆசிரியனுக்கு உண்டா என்னும் வினாவை எழுப்புகிறது. நியூயார்க்கில் உள்ளதாகப் புனையப்பெற்ற இசைக்கல்லூரி ஒன்றில் ஜாஸ் டிரம்ஸ் பயில்பவன் பத்தொன்பது வயது ஆண்ட்ரூ. நாற்காலியை வீசுதல், தாளம் முந்துகிறதா பிந்துகிறதா என வினவிக் கன்னத்தில் அறைதல், பெற்றோரை இழித்துரைத்தல் ஆகியன அவனுடைய ஆசிரியர் ஃப்ளெட்சரின் பயிற்றுமுறைகள்.

பதவி இழந்தபின் ஃப்ளெட்சர் தம் தரப்பைச் சொல்கிறார். ஜோ ஜோன்ஸ் தலையை நோக்கிச் சிம்பலை எறிந்திராவிடில் சார்லி பார்க்கர் உருவாகியிருக்கமாட்டார் என்பது அவர் காட்டும் சான்று. 1936-இல் கான்சாஸ் சிட்டியில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் அந்நிகழ்ச்சியில் சிம்பல் விழுந்தது பார்க்கரின் காலடியில். அவரை மேடையிலிருந்து இறக்குவதற்கான குறிப்பு அது. ஜோன்ஸ் பார்க்கரின் ஆசிரியரும் அல்லர். பார்க்கரை உயர்த்தியது அடுத்த கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் அவர் மேற்கொண்ட பயிற்சி. காலடி தலையாக மாறியது சிறு பிழையன்று. வன்முறைக்கு முன்னோடி தேடும் மனம் வரலாற்றைத் திருத்திக்கொள்கிறது.

அடுத்த பார்க்கர் ஒருபோதும் மனந்தளரமாட்டான் என்பது அவரது மற்றொரு வாதம். வென்றவன் முறையை மெய்ப்பிக்கிறான், வீழ்ந்தவன் தகுதியற்றவனாகிறான். எந்த இழப்பாலும் பொய்யாக்கவியலாத இவ்வாதத்தைக் கொள்கை என்பதினும் தற்காப்பு என்பதே பொருந்தும். முன்னாள் மாணவன் ஷான் கேசி தூக்கிட்டு இறந்தான். ஃப்ளெட்சரோ அவன் கார் விபத்தில் மறைந்ததாக வகுப்பில் கண்ணீருடன் சொல்கிறார். கண்ணீர் மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் தம் முறை அறத்தின்பாற்பட்டது என்று அவர் உண்மையில் நம்பியிருப்பின், இப்பொய் எதற்கு?

இவ்விடத்தில் நன்னூல் நினைக்கத்தக்கது. பவணந்தியார் ஆசிரியர் ஆகாதோர்க்குரிய குற்றங்களுள் அழுக்காறு, அவா, வஞ்சம் என்பவற்றோடு அச்சமாடலையும் வைக்கிறார். கேட்போர் அஞ்சுமாறு பேசுதல் என்பது அதன் பொருள். அதே பாயிரம் மாணாக்கன் நெருப்பின்முன் குளிர்காய்வான்போல அஞ்சி, மிக நெருங்காமலும் நீங்காமலும் ஒழுகவேண்டும் என்கிறது. இரண்டும் முரணல்ல. மாணவனிடம் அச்சம் மதிப்பிலிருந்து தானே தோன்றுவது. ஆசிரியன் அதனைக் கருவியாக்கும்போது அது குற்றமாகிறது. நெருப்பு தன் இடத்தில் எரியும்; குளிர்காய்வோனைத் துரத்துவதில்லை.

ஆண்ட்ரூவை வெறும் பலியாள் எனக் கொள்வதும் பொருந்தாது. குருதி கசியும் கையோடு பயில்பவனும், விபத்துக்குப்பின் மேடையேறுபவனும் அவனே. பயிற்சிக்கு இடையூறாவாள் எனத் தான் விரும்பிய பெண்ணை அவன் விலக்கும் காட்சி, அறையும் காட்சியினும் கொடியது. ஆசிரியரின் குரல் அங்கே மாணவனின் வாயிலிருந்து வருகிறது.

இறுதிக் காட்சியை ஃப்ளெட்சரின் வெற்றியாகக் கொள்வோர் உளர். ஆனால் அவர் அவனை அழைத்தது பழிவாங்குவதற்கே. ஒத்திகை பார்க்காத இசைப்பகுதியை முதலில் தொடங்கி அவையோர்முன் அவமானப்படுத்துகிறார். வெளியேறித் தந்தையின் அணைப்பை அடைந்தவன் மீண்டும் மேடைக்குச் சென்று, நடத்துநரின் கைக்குறிக்குக் காத்திராமல் ‘கேரவன்’ இசையைத் தொடங்குகிறான். கலை பிறப்பது அவன் கீழ்ப்படிய மறுத்த அந்நொடியில்தான். எனினும் வாசித்து முடிக்குமுன் அவன் கண்கள் தேடுவது அதே ஆசிரியரின் ஒப்புதலை. கதவிடுக்கில் நின்று அதனைப் பார்க்கும் தந்தையின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.