விலகுவோர் மீதா பழி?

2024 ஜூலையில் புணேயில் 26 வயதுக் கணக்குத் தணிக்கையாளர் ஒருவர், வேலையில் சேர்ந்த நான்கே மாதத்தில் இறந்தார். பணிச்சுமைதான் காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாட்டை உலுக்கியது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. வேலைப்பளு தாங்காமல் முன்பே பலர் விலகியிருந்த குழு அது என்றும், நிலைத்து நின்று அந்தக் குழுவின் பெயரை மீட்கும்படி புதிதாக வந்தவரிடம் மேலாளர் சொன்னார் என்றும் கடிதம் கூறியது. தலைமை கெடுத்த பெயரைக் கடைசியாக வந்தவர் மீட்க வேண்டுமாம்!

ஆட்கள் தங்காத இடத்தில் பிழை தலைமையுடையது, விலகுவோருடையது அன்று.

ஆய்வு நிறுவனமாக இருந்தால் அப்பிழை இரட்டிக்கும். அங்கே மனிதரோடு உண்மையும் சேர்ந்து நசுங்குகிறது. 1972 மே மாதம், தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் உழவியல் அறிஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மேலிடத்தின் எண்ணப்போக்குக்கு இசைவாக, அறிவியலுக்கு ஒவ்வாத தரவுகள் திரட்டித் தரப்படுவதாக அவர் எழுதியிருந்தார். அதன்பின் முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 1973இல் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் பிறந்தது. முறையான ஆள்தேர்வு வருவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

அஞ்சுகிறவன் மேலாளருக்குப் பிடித்த எண்ணையே எழுதுவான். இதை வள்ளுவர் அன்றே அறிந்திருந்தார். குறைசொல்லத் துணிந்தவரை அருகில் வைக்காத அரசை அழிக்க வெளிப்பகை தேவையில்லை என்பது 448ஆம் குறளின் கருத்து. காதுக்குக் கசப்பதைப் பொறுத்துக் கேட்பவனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்கிறது 389. தகுதி ஆராய்ந்து பொறுப்பை ஒப்படைக்கச் சொல்கிறது 517. துன்புற்றோர் கண்ணீர் ஆள்வோரின் செல்வத்தை அரித்துவிடும் என எச்சரிக்கிறது 555. வயலுக்குள் புகுந்த யானை தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் எடுத்துச்சொன்னது புறநானூற்றில் 184ஆம் பாட்டு. அவர் பேசியது வரியைப் பற்றி. மனித உழைப்புக்கும் அது பொருந்தும்.

விலகுவோருக்குச் செய்ந்நன்றி என்றோர் அறமும் உண்டு. அணு அறிவியலாளர் ஹோமி பாபா 1957இல் தொடங்கிய அணு அறிவியல் பயிற்சிப் பள்ளி இன்று மும்பை அணுசக்தி நகரில் இயங்குகிறது. அரசுச் செலவில் அங்கே பயின்றவர் ஒப்பந்தக் காலம்வரை பணிபுரிவது கடன், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே கொடுப்பதும் இருபக்கமாக நடக்கிறது. காலியிடத்துக்குக் காத்திராமல், தகுதி பார்த்துப் பதவி உயர்வு தரும் வழக்கம் அணுசக்தித் துறையில் நெடுநாளாக இருக்கிறது. ஆளைத் தேர்ந்து, அவரைச் சுற்றித் துறையை வளர்ப்பது பாபாவின் வழி. நன்றியைக் கேட்கும் உரிமை இப்படிக் கொடுத்தவர்க்கே உண்டு.

ஆகவே, மேலாளர்களே, ஒருவர் ராஜினாமா கொடுத்தால் அவருடைய விசுவாசத்தை அளக்காதீர்கள். போகிறவரை உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள். சொல்வது கசந்தாலும் எழுதி வையுங்கள். அடுத்தவர் வருமுன் அதைத் திருத்துங்கள். திருத்த மனமில்லையென்றால், விலக வேண்டியவர் நீங்கள்தான்.