அமைதி யாருக்கு உரியது?

பினாங்குத் தீவின் வடகரையில் பத்து ஃபெரிங்கி என்றோர் ஊர் உண்டு. பறங்கியர் பாறை என்பது அப்பெயரின் பொருள். 1973ஆம் ஆண்டில் அங்கு ராசா சாயாங் விடுதி திறக்கப்பட்டது. பின்னர் விடுதிகள் பல எழுந்தன. சாலையோரம் இரவுச் சந்தை பரவியது. கடலோசையை மனிதர் ஓசை வென்றது. அங்கிருந்து மேற்கே சென்று தெலுக் பகாங்கை அடைந்தால் கரையோரச் சாலை முடிகிறது. அதற்கப்பால் காட்டுவழியே ஒரு மணி நேரத்திற்கு மேல் நடப்பவரை பந்தாய் கெராச்சுட் என்னும் சிறு வளைகுடா வரவேற்கிறது. அங்கே விடுதியில்லை, கடைத்தெருவில்லை. மணலும் மரமும் அலையுமே உள்ளன. மழைக்காலத்தில் கீழே கடல்நீரும் மேலே நன்னீரும் கலவாது நிற்கும் அரியதோர் ஏரியும் உண்டு.

இத்தகைய இடத்தைக் காண்போர் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. ஒன்று, இவ்வின்பத்தைப் பிறரும் பெறவேண்டும் என்பது. மற்றொன்று, பிறர் எவரும் இங்கு வந்துவிடலாகாது என்பது. முன்னது அன்பு, பின்னது தன்னலம் என்று எளிதாகத் தீர்ப்பளித்துவிடலாம். ஆனால் அன்பே அழிவைத் தேடித் தருமாயின் என் செய்வது?

திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரை இதற்குச் சான்று. 1950களில் ஏழுவரியாமைகள் ஆயிரக்கணக்கில் அங்குக் கரையேறி முட்டையிட்டன. அவற்றைக் காண மக்கள் விளக்கேந்திக் கூட்டமாய்த் திரண்டனர். முட்டைகள் உணவாக விற்கப்பட்டன. கடலில் வலைகளும் அவற்றைக் கொன்றன. ஒரு தலைமுறைக்குள் அக்கரை ஏறத்தாழ வெறுமையாயிற்று. காணவந்தோர் பலர் பகைவரல்லர், வியந்து வந்தவர்களே.

எனினும், அமைதியைப் போற்றுவோர் ஒன்றை மறத்தலாகாது. 1969ஆம் ஆண்டில் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தபோது, பல குடும்பங்கள் பிழைப்பின்றித் தவித்தன. பின்னர் எழுந்த விடுதிகள் பலருக்குச் சோறிட்டன. அறை துடைப்பவரும் சமையற்கட்டில் உழைப்பவரும் பெறும் ஊதியத்தை, வயிறு நிறைந்தவர் அமைதியின் பெயரால் இகழ்வது அறமாகாது. பத்து ஃபெரிங்கியின் இரைச்சலுக்கும் நியாயம் உண்டு.

ஆனால் அந்நியாயம் எல்லாக் கரைகளுக்கும் பொருந்துமா? சோறு பகிர்ந்தால் குறையும். கல்வி பகிர்ந்தால் பெருகும். அமைதியோ இவ்விரண்டிலும் சேராது. அடக்கமுடைய நூறு பேர் பகிர்ந்தாலும் அது குறைவதில்லை. அடக்கமற்ற ஒருவர் வந்தாலே அழிந்துவிடுகிறது. ஆகவே எத்தனை பேர் வரலாம் என்பதைவிட, எவ்வாறு வருவது என்பதே முதற் கேள்வி. நடக்கவியலாத முதியவர் படகில் வருவதும் முறையே. அவர் படகில் வருவதாற் கேடில்லை. படகோடு இரைச்சலையும் குப்பையையும் கொண்டுவருவதே கேடு.

2003ஆம் ஆண்டில் இப்பகுதி பினாங்குத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலமும் கடலுமாக ஏறத்தாழ 2,500 எக்டர் சட்டத்தின் காப்பைப் பெற்றன. சட்டம் மரத்தை வெட்டவிடாது தடுக்கும். ஆனால் ஒருவன் உள்ளத்தில் அடக்கத்தை நட அதனால் இயலாது.

விருந்தோம்பலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தளிப்பவன் கடமையை எண்ணிப் பழகிய தமிழர், விருந்தாகச் செல்பவன் கடமையையும் எண்ணவேண்டிய காலம் இது. கெராச்சுட் கரையில் பச்சைக் கடலாமை இரவில் ஏறி மணலைத் தோண்டி முட்டையிடுகிறது. விளக்கொளி கண்டால் அது திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ ஒளியை நாடிக் கடலுக்குச் செல்லும் வழியைத் தவறவிடும். அங்கே வீட்டுக்குரியது ஆமை, மனிதன் விருந்தினன். அமைதி எவர்க்கும் உடைமையன்று. வந்தவர் சென்ற பின்னும் வந்த சுவடின்றி இருக்குமாயின், அதுவே அவர் அதனைத் துய்த்ததற்கும், அடுத்து வருவோர்க்கு விட்டுச் சென்றதற்கும் சான்றாகும்.